ரோபோ விற்கப் போன ஊர்

பெரம்பலூரில் இறங்கி நான் பேசிய முதல் வார்த்தை "ஒரு ஆள்தான்" என்பது. லாட்ஜில் பேர் எழுதுகிறவர் எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அங்கே ஆட்டோக்காரர் என் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் கூட வந்தவரா என்று அடுத்த கேள்வி. இல்லை, காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றேன். அப்போதும் மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. இரண்டு கட்டில், இரண்டு டம்ளர் வைத்த அறையைத்தான் கொடுத்தார். இரண்டாவது டம்ளர் அந்த வாரம் முழுக்கக் கவிழ்ந்தபடியே இருந்தது.

நான் ஈப்போக்காரி. மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். பேர் இந்திராணி. வேலை, அறுவை சிகிச்சை ரோபோ விற்பது. இதைச் சொன்னால் ஜனங்கள் கண் சிவந்து டக் டக்கென்று நடந்து வருகிற ஒன்றைக் கற்பனை பண்ணிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. நாலு இரும்புக் கை, ஒரு கேமரா. டாக்டர் நாலடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து விரலை அசைப்பார், நோயாளியின் வயிற்றுக்குள் அந்தக் கைகள் அதேபோல் அசையும். அவ்வளவுதான் சங்கதி. விலையைக் கேட்டால் மட்டும் நடக்கிற ரோபோவே தேவலாம் என்று தோன்றும்.

ரொம்ப வருஷம் இந்தத் தொழிலில் ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிதான் ராஜா. அவன் வைத்தது விலை. பிறகு காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, கொரியாவில் ஒருவன், சீனாவில் ஒருவன், இந்தியாவிலேயே ஒருவன் என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் கம்பெனி கடைசியாக வந்தது. பந்திக்குப் பிந்தினால் ரசம்தானே மிஞ்சும்? சென்னை, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் மற்றவர்கள் இடம் பிடித்துவிட்டார்கள். அதனால் சண்டை இப்போது சின்ன ஊர்களுக்கு வந்திருக்கிறது. என் மேலாளர் ஈப்போவில் நாசி லெமாக் மென்றுகொண்டே தொலைபேசியில் சொன்னார்: பெரம்பலூர் ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்டால் இந்தியாவில் இருப்போம். இல்லையென்றால் கடையைச் சாத்திவிடுவோம். கடை என்று அவர் சொன்னது என்னைத்தான். இந்தியாவில் அவர்களுடைய கடை நான் ஒருத்தி.

ஆஸ்பத்திரி நாலைந்து பங்குதாரர்கள் சேர்ந்து நடத்துவது. தலைமை சர்ஜன் டாக்டர் கருணாகரன், சென்னையில் ரோபோ பழகிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அவர் வைத்த நிபந்தனை நியாயமானது. மெஷினை ஒரு வாரம் கொண்டுவந்து வையுங்கள். வெள்ளிக்கிழமை உள்ளூர் ஆள் ஒருவருக்கு ஆபரேஷன். அவர் நல்லபடியாக எழுந்து நடந்தால் ஊர் தானாக வரும். சனிக்கிழமை பங்குதாரர்கள் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். முதல் ஆளிடம் பைசா வாங்கக்கூடாது, செலவு கம்பெனியுடையது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் இருக்கிறேன், மெஷினைக் காணோம். சென்னையிலிருந்து புறப்பட்ட லாரி அரியலூரில் வேறொரு சரக்கை இறக்கிவிட்டு வரவேண்டியது. டிரைவருக்குப் போன் போட்டால், டிராபிக்கில் நிற்கிறேன் மேடம் என்றார். முந்தின நாள் சாயங்காலமும் அதையேதான் சொன்னார். என்ன டிராபிக் இது, ராத்திரி முழுக்க? பஸ் பிடித்து அரியலூருக்குப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது தப்பு. இறங்கும்போது சிமெண்டுத் தூசியில் என் தலைமுடி வெள்ளையாகியிருந்தது, வயசுக்கு முன்னாலேயே.

ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். நாங்கள் அதை அண்ணாந்து பார்க்கிறோம். அரியலூர்க்காரர்கள் அதே கல்லைக் குனிந்து பார்க்கிறார்கள், அவர்களுக்கு அது பூமிக்கு அடியில். தோண்டித் தோண்டி லாரியில் ஏற்றி சிமெண்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் லாரி அந்தக் கல் லாரிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த டிரைவர், முன்னால் ஏதோ அடைப்பு என்று நினைத்துப் பின்னால் போய் நின்றிருக்கிறார். முன் வண்டி நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். அது ஆலை வாசலுக்குப் போகிற வரிசை. நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் காவலாளி அவரிடம் என்ன லோடு, கல்லா கரியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் பெருமையாக "ரோபோ" என்றார். காவலாளி ஆச்சரியப்படவே இல்லை. "அதுக்கு பின் கேட்டுங்க" என்று கையைக் காட்டினார்.

திரும்பி வரும்போது லாரியிலேயே ஏறிக்கொண்டேன். டிரைவர் ஓசூர்க்காரர், வழியெல்லாம் தன் மச்சினன் கல்யாணக் கதை சொன்னார். அன்றைக்கு முழுக்க என்னிடம் தொடர்ச்சியாகப் பேசிய ஒரே மனுஷர் அவர்தான். பெரம்பலூர் வந்ததும் இறங்க மனசே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மெஷினைப் பொருத்தி வைத்தேன். ரோபோ விற்கிறவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற வித்தை ஒன்று உண்டு. ஒரு திராட்சைப் பழத்தை வைத்து, சதை கிழியாமல் தோலை மட்டும் உரித்துக் காட்டுவது. நானும் ஒரு டப்பா திராட்சை வைத்திருந்தேன். டாக்டர் கருணாகரன் சிரித்தார். எல்லாக் கம்பெனிக்காரனும் வந்து திராட்சை உரித்துவிட்டுப் போய்விட்டானாம். இந்த ஊர் வெங்காய ஊர் மேடம், வெங்காயத்தை உரித்துக் காட்டுங்கள் என்றார். ஒரு நர்ஸ் ஓடிப்போய்க் கை நிறைய சின்ன வெங்காயம் கொண்டுவந்தார்.

வெங்காயம் உரித்தது ரோபோ, அழுதது நர்ஸ். பக்கத்தில் நின்றவர் அவர்தானே? தள்ளி உட்கார்ந்து விரல் அசைத்த டாக்டருக்குக் கண் கலங்கவே இல்லை. அது எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. நானும் நானும் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. மயக்க மருந்து டாக்டர், லேப் ஆள், மருந்துக் கடைப் பெண், கடைசியில் பில் போடுகிறவர் வரைக்கும் உட்கார்ந்து ஆளுக்கொரு வெங்காயம் உரித்தார்கள். செய்துகாட்ட நான் கொண்டுவந்து இரும்புக் கையின் முனையில் மாட்டியிருந்த ஊசிபிடி பாதியிலேயே ஓய்ந்துவிட்டது. ஆசையாக நிற்கிறவர்களைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த செட்டில் ஒன்றை எடுத்து மாட்டினேன். ஊருக்கு வந்தபிறகு எனக்குச் சந்தோஷமான நேரம் அதுதான்.

பங்குதாரர்களில் ஒருவர் மக்காச்சோள வியாபாரி. வெங்காயம் உரிக்காமல் ஓரமாக நின்றவர் அவர் ஒருவர்தான். என்னை ஓரமாக அழைத்து மெஷின் விலை தெரியும், அப்புறம் ஆகிற செலவு என்ன என்று கேட்டார். சொல்லித்தானே ஆகவேண்டும்? வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஒரு தொகை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கைகளுக்குப் போட உறை. கைகளின் முனையில் மாட்டுகிற கத்தரி, இடுக்கி, ஊசிபிடி எல்லாவற்றுக்கும் ஆயுசு உண்டு. இத்தனை தடவை என்று உள்ளே ஒரு சில்லு எண்ணிக்கொண்டிருக்கும். கணக்கு முடிந்தால் சாமான் நன்றாக இருந்தாலும் மெஷின் அதை ஏற்காது, புதுசு வாங்கவேண்டும். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் சம்பாதிக்கிறது, நாங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மலிவு என்றேன்.

"வண்டியைச் சல்லிசாக் குடுத்துட்டு டயர்ல புடிக்கிறீங்க" என்றார். கோபமே இல்லை. வியாபாரி வியாபாரியைப் பாராட்டுகிற தொனி.

லாட்ஜில் என் பக்கத்து அறையில் இருந்தவர் ஜோஸ், கோட்டயத்துக்காரர், போட்டிக் கம்பெனியின் ஆள். அவர் முந்தின வாரமே தன் மெஷினைக் காட்டிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். அவருடையது பெரிய கம்பெனியின் பழைய மாடல், வாங்கித் துடைத்துப் புதுசு மாதிரி ஆக்கி விற்பது. மாடிப்படியில் பார்த்தால் மரியாதையாகச் சிரிப்பார். சாயங்காலமானால் மகளிடம் போனில் பேசுவார். சுவர் அப்பளம் மாதிரி. ஈப்போவில் எங்கள் அடுத்த வீடு மலையாளிக் குடும்பம், அதனால் எனக்கு அந்தப் பாஷை புரிந்து தொலைக்கும். "இல்லை மோளே, இன்னும் விற்கவில்லை. விற்றதும் வருகிறேன். பக்கத்து அறையில் ஒரு ஆன்ட்டி இருக்கிறாள், அவளும் விற்கத்தான் வந்திருக்கிறாள். இல்லை, அவளுக்குப் போன் எதுவும் வருவதில்லை." நான் டிவியைச் சத்தமாக வைத்தேன்.

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டையைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், காலையிலேயே போனேன். நல்ல கோட்டை. கருங்கல் சுவர், மேலே ஏறினால் சுற்றிலும் சோளமும் பருத்தியும். என்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி, குடும்பத்தோடு வந்திருந்த ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார், எடுக்கவில்லை. காத்திருந்தார். என்ன சார் என்றேன். வேற யாரும் வந்து நிக்கலீங்களா என்றார். அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்க்கவேண்டும், அத்தனை கோபம்.

மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் சாம்பார் ஊற்றியவர் எத்தனை பேர் என்று கேட்கும் முன்னாலேயே "ஒரு ஆள்தான்" என்று கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், காதில் பெரிய தோடு, தூக்குச்சட்டியில் வீட்டுச் சாப்பாடு. ஒரு கரண்டி தயிர்சோற்றை எடுத்து என் இலையில் வைத்தார், கேட்காமலேயே. பேர் சின்னப்பொண்ணு. எறையூர்ப் பக்கம், கரும்பு விவசாயம். வீட்டுக்காரர் பெரியசாமி மாடி வார்டில் சேர்ந்திருக்கிறார்.

நான் என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குச் சாமான் விற்கிறேன் என்றேன். பஞ்சு, பேண்டேஜ் என்று அவராகவே முடித்துக்கொண்டார். சொந்த ஊர் எது என்றார். ஈப்போ என்றேன். அதுக்கு முந்தி? தெரியாது. தாத்தாவுக்கு அப்பா கப்பலேறிப் போனார், எந்த ஊரிலிருந்து என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இந்தப் பதிலைச் சொன்னால் வழக்கமாகத் தமிழ்நாட்டில் ஐயோ பாவம் என்பார்கள். சின்னப்பொண்ணு அக்கா அப்படிச் சொல்லவில்லை. "அப்ப எந்த ஊருன்னு வேணா வச்சிக்கலாம். நல்லதாப் போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணம் ஆயிற்றா? ஆகி முடிந்துவிட்டது. பிள்ளை? இல்லை. அம்மா அப்பா? போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் கேள்விகளை வரிசையாக முடித்துவிட்டு, நாளைக்குச் சும்மா இருந்தால் என்கூட செட்டிகுளம் வரியா என்றார். கோயிலுக்கா என்றேன். ஆமாம், பூக்கட்டிப் பார்க்கவேண்டும், எங்களைத் தெரியாத ஆள் ஒருத்தர் வேணும் என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக ஒருத்தர் என்னைக் கூப்பிடுகிறார். எதுக்கு என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன்.

வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் போனோம். கூட்டம். கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டதும் என் வாய் பழக்கத்தில் திறந்தது. அதற்குள் அக்கா "ரெண்டு செட்டிகுளம்" என்றார்.

பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம், ரெண்டு பக்கமும். கரும்புக் கட்டுத் தூக்கித் தூக்கி வந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் டாக்டர் புதுசாக ஒரு ரோபோ மெஷின் வந்திருக்கு, அதில் செய்கிறேன், பணம் வேண்டாம் என்கிறாராம். கொழுந்தன் கூடவே கூடாது என்கிறான். சும்மா எவன் செய்வான், இதில் என்னமோ இருக்கு என்கிறான். புருஷன் செய்துகொள்ளலாம் என்கிறார், காசு மிச்சம் என்று. "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்கக் கூடாதும்பாங்க. வாஸ்தவந்தான். ஆனா இங்க மாடு நாமல்ல" என்றார். அதனால் முருகன் சொல்லட்டும். சிவப்பும் வெள்ளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சந்நிதியில் வைத்து, மனசுக்குள் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. எடுக்கிறவர் சம்பந்தமில்லாத ஆளாக இருக்கவேண்டும். பங்காளி, சம்பந்தி, ஊர்க்காரர் யாரும் கூடாது. "ஒனக்குத்தான் இந்த ஊர்ல ஒட்டும் இல்ல ஒறவும் இல்லயே" என்றார்.

ஊரில் யாருமே இல்லாத ஆள் என்று பார்த்துப் பார்த்து இவர் பிடித்து வந்திருப்பது, அந்த மெஷினை விற்க வந்தவளை. நான் எடுக்கப்போவது ஒரு பொட்டலம். அதில் என் வேலை இருக்கிறது. இவர் புருஷன் இருக்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இந்த அக்கா என் தோளில் சாய்ந்து தூங்குவார். ஆலத்தூர் தாண்டியதும் அப்படித்தான் தூங்கினார்.

மலை சின்னதுதான், படி ஏறலாம். பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். கீழே வெங்காய வயல்கள், அதற்கு அப்பால் குளம். இனிமேலும் தள்ளிப்போட முடியாது. அந்த ரோபோ என்னுடையதுதான், பஞ்சும் பேண்டேஜும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார், விசிறுவதை நிறுத்தினார். இன்னும் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடு என்றார்.

சொன்னேன். இந்த ஆபரேஷனுக்கு ரோபோ கட்டாயமே இல்லை. டாக்டர் கருணாகரன் இதைக் கையாலேயே, சின்னத் துளை போட்டு, நன்றாகச் செய்வார். ரொம்ப ஆழமான, எட்டாத இடத்து ஆபரேஷனுக்குத்தான் மெஷினின் அருமை தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள், புது மெஷினில் கை பழகச் சின்ன ஆபரேஷனில்தான் தொடங்குவார்கள். டாக்டர் வேறு ரோபோவில் நிறையச் செய்தவர், எங்கள் ரோபோவில் உங்கள் வீட்டுக்காரர்தான் முதல் ஆள். பணம் வேண்டாம் என்பது தர்மம் இல்லை, எங்களுக்கு இதை விற்கவேண்டும், போட்டி அப்படி. ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை, தோன்றினால் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்க்கா.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒன் வூட்டு ஆளுன்னா சரிம்பியா?"

"எனக்குத்தான் வீட்டு ஆள்னு யாரும் இல்லியேக்கா."

"இருந்தா?"

"இருந்தா சரின்னு சொல்லுவேன். ஆனா முடியிற வரைக்கும் நான் உள்ள பக்கத்துல நிப்பேன்."

"நாளைக்கு உள்ள நிப்பியா?"

"நிப்பேன்க்கா. என் வேலையே அதுதான்."

அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "சரி வா, நடை சாத்திறப் போறாங்க" என்றார். நான் எடுக்கக் கூடாது, நான்தான் சம்பந்தப்பட்ட ஆளாகிவிட்டேனே என்றேன். அதெல்லாம் நீதான் எடுக்கணும், நீ சொன்னதை முருகனும் கேட்டாச்சு என்றார். பின்னால் ஏறினேன்.

செட்டிகுளத்து முருகன் கையில் கரும்பு வைத்திருக்கிறார். கரும்புக்காரி அக்கா ஏன் இவரிடம் வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. குருக்கள் வெள்ளை நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, உள்ளங்கையில் குலுக்கிப் பாதத்தில் வைத்து எடுத்துவந்தார். அக்கா கண்ணை மூடி உதடு அசைய நெடுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். அவர் பிரித்தார். வெள்ளை.

அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். கீழே இறங்கி மாங்காய் வாங்கிக் கொடுத்தார், உப்பு மிளகாய்ப்பொடி தூவி. எங்கள் ஊரில் இதற்குச் சர்க்கரையும் சோயாவும் போடுவோம் என்றேன். அவர் முகம் சுளித்ததைப் பார்க்கவேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலை பெரியசாமி அண்ணனை உள்ளே கொண்டுவந்தார்கள். மயக்க ஊசிக்கு முன்னால் என்னைப் பார்த்து, நீதானா அந்த மலேசியாப் பொண்ணு, அவ சொன்னா என்றார். ஆமாண்ணே என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் தலைமாட்டுப் பக்கம் நின்றேன். டாக்டர் மேசையில் உட்கார்ந்தார். அழகாகப் போயிற்று. இறங்கியிருந்த குடலை உள்ளே தள்ளி, மறுபடி இறங்காமல் தாங்க வலையைப் பரப்பி, எல்லாம் படம் வரைகிறதைப் போல். இனி தையல் மட்டும் பாக்கி. நர்ஸ் ஊசிபிடியை மாட்டினார்.

மெஷின் ஒரு மணி அடித்தது. திரையில் எழுத்து: இந்தச் சாமானின் ஆயுசு முடிந்தது.

எனக்கு உடனே புரியவில்லை, பிறகு சட்டென்று புரிந்தது. வெங்காயம்! அது செவ்வாய்க்கிழமை நான் மாட்டிய ஊசிபிடி. ஆள் மாறி உட்கார்ந்தால் எங்கள் மெஷின் அதைப் புது ஆபரேஷன் என்று எண்ணிக்கொள்ளும். லேப் ஆளும் மருந்துக் கடைப் பெண்ணும் பில் போடுகிறவரும் ஆளுக்கொரு ஆபரேஷன் செய்து அதன் ஆயுசைத் தின்றுவிட்டார்கள். இன்னும் பாக்கி இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நினைத்தால் போதுமா? மாற்று ஊசிபிடி சென்னையில். செலவு ஆகும் என்று ஒரே செட்தான் அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் கருணாகரன் எழுந்து வந்தார், கை கழுவி உடை மாற்றிக்கொண்டு. பரவாயில்லை மேடம், இதை நான் கையாலேயே போட்டுவிடுவேன் என்றார். ரோபோவை ஓரமாகத் தள்ளி வழக்கமான கருவியில் தைத்து முடித்தார். சிரமமே இல்லை. நிற்பேன் என்று சொன்ன இடத்தைவிட்டு நான் நகரவில்லை. என் கடைதான் அங்கே சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது, ஆனாலும் கண் பெரியசாமி அண்ணனின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அக்காவிடம் நல்லபடியாக முடிந்தது, கடைசித் தையலை டாக்டர் கையாலேயே போட்டார் என்றேன். ஏன் என்றார். வெங்காயக் கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பக்கத்திலிருந்த கொழுந்தனும் சிரித்தார். அழுகை வருகிற நேரத்தில் நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை பங்குதாரர்கள் உட்கார்ந்தார்கள். மக்காச்சோள வியாபாரிக்கு யார் சொன்னார்களோ, எல்லாம் தெரிந்திருந்தது. "வெங்காயம் உரிச்சதுக்கே ஒரு டயர் போயிடுச்சுன்னா, நாங்க எப்படிம்மா வண்டி ஓட்றது?" என்றார். ஜோஸின் கம்பெனி முந்தின நாள் சாயங்காலமே விலையை இறக்கி, முதல் வருஷத்துக்குச் சாமான்களின் கணக்கே பார்க்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. என் மேலாளருக்குப் போன் போட்டேன், நாமும் அப்படிக் கொடுக்கலாமா என்று. வேண்டாம், பெட்டியைக் கட்டு என்றார். இந்தத் தடவை அவர் எதையும் மெல்லவில்லை. டாக்டர் கருணாகரன் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றார். அவர் என்ன செய்வார் பாவம், அவர் பங்கு ஒன்றுதானே?

லாட்ஜ் படியில் ஜோஸ் கை கொடுத்தார். வருத்தமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. மகள் காத்திருப்பாள், சீக்கிரம் போங்கள் என்று மலையாளத்தில் சொன்னேன். மனுஷன் முகம் வெளிறிப் போய்விட்டது.

மெஷினை லாரியில் ஏற்றிவிட்டு, அரியலூரில் எந்த வரிசையிலும் நிற்கவேண்டாம் என்று டிரைவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு, மாடி வார்டுக்குப் போனேன். பெரியசாமி அண்ணன் வராந்தாவில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார், பார்க்கிறவர்களிடம் எல்லாம் நான் ரோபோ போட்ட ஆளு என்று சொல்லிக்கொண்டு. அக்கா என்னோடு வாசல் வரைக்கும் வந்தார். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

பூ வெள்ளை வந்ததே, பலித்துவிட்டது என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"பூவு அவருக்குப் போடல."

எனக்குப் புரியவில்லை.

அவருக்கு நான் படியிலேயே முடிவு பண்ணிவிட்டேன் என்றார். நீ உள்ளே நிற்கிறேன் என்றாயே, அப்போதே. கொழுந்தன் நம்பவேண்டும், அதுக்குத்தான் மேலே ஏறினது. வெள்ளை வந்தது என்று அவனிடம் சொன்னேன், அது பொய் இல்லையே. ஏறினது ஏறியாச்சு, முருகனைச் சும்மா தொந்தரவு பண்ணுவானேன் என்று உனக்குக் கேட்டேன்.

"எனக்கு என்னக்கா கேட்டீங்க?"

"நீ மறுபடி இந்த ஊருக்கு வருவியான்னு."

ஆட்டோக்காரர் கிளம்பலாமா என்றார். இனிமேல் நான் எதுக்கு வருவேன் அக்கா, மெஷின் விற்கவில்லை, கடையைச் சாத்திவிட்டார்கள், இந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்றேன்.

"வேலை இருந்தாத்தான் வருவாங்களாக்கும்" என்றார் அக்கா. "சும்மா வா. வெங்காயம் கெடக்கு, உரிக்கலாம். இந்தத் தடவ கையால."

மறுநாள் சென்னை விமான நிலையம். குடிநுழைவு மேசையில் மீசை நரைத்த ஒரு அதிகாரி. என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, வியாபார விசாவா, வியாபாரம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். எங்கே என்றார். பெரம்பலூர் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடி வருவீங்களா?"

இந்த மாதிரி இடத்தில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

"பூக்கட்டிப் பார்த்தாங்க சார். வெள்ளை வந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்தி பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"அப்ப வந்துதாம்மா ஆவணும்" என்றார்.